பி.ஏ., எல்.டி.

காவிரிக் கரையில் பழைய உயர்நிலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நுழைந்து ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனால், நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு மரப் பலகை இருக்கும். பள்ளிக்கூடம் தொடங்கின நாள் முதல் தலைமை ஆசிரியராக இருந்தவர்களின் பெயர்களை அதில் வெள்ளை எழுத்தில் வரிசையாக எழுதியிருப்பார்கள். பெயர்களை விட்டுவிட்டு, அவற்றின் வாலாக வரும் எழுத்துக்களை மட்டும் மேலிருந்து கீழே படித்துக்கொண்டு வாருங்கள். அதுவே ஒரு சரித்திரம். மேலே இருக்கிறவர்கள் வெறும் பி.ஏ. அவர்களுக்குக் கீழே பி.ஏ., எல்.டி. என்று வெகு தூரம் போகும். பிறகு பி.டி. வரும். பிறகு பி.எட். அடிப்பக்கத்தில் எம்.ஏ., எம்.எட். என்று இரண்டு மூன்று பெயர்கள். பலகையில் இடம் போதாமல் எழுத்தைக் குறுக்கி எழுதியிருப்பார்கள்.

வால் நீண்டுகொண்டே வந்திருக்கிறது, சரி. தலையும் கூடவே வளர்ந்ததா? வகுப்பில் நின்று பாடம் சொல்வதை ஒருவருக்குக் கற்றுக் கொடுக்கலாம் என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடத்தைத் தலைமை தாங்கி நடத்துவதைக் கற்றுக் கொடுக்க முடியுமா என்று கேட்டால்தான் பேச்சு தடுமாறுகிறது. 'அது பிறவியில் வரவேண்டும்' என்பார் ஒருவர். 'அனுபவத்தில் வரும்' என்பார் இன்னொருவர். படிப்பினால் வரும் என்று சொல்கிறவர் அபூர்வம். ஆனால் தஞ்சாவூர்ச் சீமையின் சரித்திரம் இந்த மூன்றாவது கட்சிக்கும் கொஞ்சம் சாட்சி சொல்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஹெட்மாஸ்டரே இல்லாத காலத்துக்குப் போக வேண்டும்.

1822-இல் சென்னை கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன என்று எண்ணி அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். தஞ்சாவூர்க் கலெக்டர் அனுப்பிய கணக்கில் 884 பள்ளிக்கூடங்களும், வேதமும் சாஸ்திரமும் சொல்லிக்கொடுக்கும் 109 உயர்தரப் பாடசாலைகளும் இருந்தன. எண்ணூற்றுச் சொச்சம் பள்ளிக்கூடம் என்றால் எண்ணூற்றுச் சொச்சம் திண்ணைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு திண்ணைக்கு ஓர் உபாத்தியாயர். மணலில் விரல் தேய எழுத்து, பிறகு ஓலை, எண்சுவடி, நெல்லிலக்கம். உபாத்தியாயருக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாக வந்தது. அறுவடையில் இத்தனை மரக்கால் என்று கணக்கு. நவராத்திரியில் பிள்ளைகளைக் கோலாட்டக் கழியோடு வீடு வீடாக அழைத்துப் போனால் கொஞ்சம் காசும் வேஷ்டியும் தேறும்.

ஓர் ஆசிரியர் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர் எதற்கு? ஆனால் தலைமை என்பது அங்கேயும் இருந்தது. அதற்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். வாத்தியார் ஸ்நானத்துக்குப் போயிருக்கும்போதும், களத்து மேட்டில் நெல் வாங்க நிற்கும்போதும், மூத்த பையன் ஒருவன் சின்னப் பையன்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, முறை சொல்லவைத்து, வராதவனைப் பிடித்து வர ஆள் அனுப்பிப் பள்ளிக்கூடத்தைக் கட்டி மேய்ப்பான். இந்தச் சட்டாம்பிள்ளைதான் கடல் தாண்டிப் போனான் என்றால் நம்புவீர்களா? 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதியை ஏற்றுக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தம் விடுதியில் அதைச் செய்யச் சொன்னபோது அங்கிருந்த ஆசிரியர்கள் மறுத்துவிட்டார்கள். பெல் எட்டு வயசுப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான். 1797-இல் பெல் இதைப் பற்றி லண்டனில் புஸ்தகம் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து முழுவதும் ஆயிரக்கணக்கான பள்ளிக்கூடங்கள் இந்த ரீதியில் நடந்தன. நம்முடைய சட்டாம்பிள்ளைக்கு ராயல்டி ஒன்றும் வரவில்லை.

ஆசிரியனைத் தனியாக உட்கார்த்தித் தயார் செய்ய வேண்டும் என்ற எண்ணம் நம் பக்கத்தில் அதற்கும் முந்தியே முளைத்துவிட்டது. இன்றைக்கு மயிலாடுதுறை ஜில்லாவில் இருக்கும் தரங்கம்பாடியில் 1706-இல் வந்து இறங்கிய சீகன்பால்கு, 1716-இல் தம் மிஷன் பள்ளிக்கூடங்களுக்கு உபாத்தியாயர்களையும் உபதேசியார்களையும் பழக்குவதற்கென்று ஒரு பயிற்சிக்கூடம் வைத்தார். அந்த நூற்றாண்டின் கடைசியில் தஞ்சாவூர் சரபோஜி மன்னர் ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்டு வளர்ந்தவர். பட்டத்துக்கு வந்தபின் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தோடு பள்ளிக்கூடமும் வைத்து நடத்தினார். ஒரத்தநாடு என்ற பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

மன்றோ வெறுமே எண்ணிப் பார்த்துவிட்டு இருந்துவிடவில்லை. எண்ணியதிலிருந்து அவர் கண்ட முடிவு, குறை பள்ளிக்கூடங்களின் எண்ணிக்கையில் இல்லை, உபாத்தியாயர்களின் நிலைமையில் இருக்கிறது என்பதுதான். 1826-இல் ஒரு திட்டம் போட்டார். சென்னையில் ஆசிரியர்களைத் தயார் செய்ய ஒரு மத்தியப் பாடசாலை; அங்கே தேறினவர்களைக் கொண்டு கலெக்டர் ஜில்லாவுக்கு இரண்டு பெரிய பள்ளிக்கூடம், தாசில் ஒன்றுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பெரிய பள்ளி ஆசிரியருக்கு மாசம் 15 ரூபாய், சின்னப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய். நெல்லில் வாங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு ரொக்கமாகச் சம்பளம் என்பது சாமானிய மாறுதல் இல்லை. அடுத்த வருஷமே மன்றோ காலராவில் மாண்டுபோனார். பத்து வருஷத்துக்குள் அந்த ஜில்லாப் பள்ளிக்கூடங்களும் மூடப்பட்டன. யோசனை மட்டும் தப்பிப் பிழைத்தது.

1854-இல் ஸர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வித் தாக்கீது ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளை வற்புறுத்தியது. 1856-இல் சென்னையில் சர்க்கார் நார்மல் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. பிற்பாடு இதுதான் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி. சைதாப்பேட்டை என்றால் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு காலத்தில் வேறு அர்த்தமே கிடையாது. 'பையன் என்ன செய்கிறான்?' 'சைதாப்பேட்டையில் இருக்கிறான்' என்றால் போதும். வாத்தியாராகப் போகிறான் என்று கேட்டவர் புரிந்துகொள்வார். பெண் கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் புரிந்துகொள்வார்.

இந்த நார்மல் பள்ளிக்கூடத்துக்கு 1874-இல் திருவையாற்றிலிருந்து ஒரு பையன் போனான். தகப்பனார் உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். பையன் தஞ்சாவூர் செயின்ட் பீட்டர்ஸில் எஃப்.ஏ. முடித்தவன். பெயர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஒரு வருஷம் பயிற்சி, பிறகு சென்னையில் ஸ்காட்லண்ட் மிஷன் பள்ளியில் வேலை, அதற்கப்புறம் பச்சையப்பனில். வேலை பார்த்துக்கொண்டே 1877-இல் பி.ஏ. தேறினார். 1879-இல் திருவல்லிக்கேணி ஆங்கிலோ-வெர்னாகுலர் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு வயசு இருபத்து நாலு.

அதற்கு முந்திய வருஷம்தான் ஒரு காரியம் செய்திருந்தார். நம் திருவாரூரில் வளர்ந்த தி. முத்துசாமி ஐயரை ஹைகோர்ட் ஜட்ஜாக நியமித்ததை வெள்ளைக்காரப் பத்திரிகைகள் பரிகாசம் செய்தன. பதில் சொல்ல ஒரு பத்திரிகை வேண்டும் என்று ஆறு பேர் கூடினார்கள். நாலு பேர் சட்டம் படிக்கும் மாணவர்கள். இரண்டு பேர் பள்ளி உபாத்தியாயர்கள். 1878 செப்டம்பர் 20-ஆம் தேதி 'ஹிந்து' வெளிவந்தது. மாணவர்கள் சீக்கிரமே வக்கீல்களாகிப் பிரிந்தார்கள். தூக்கி நிறுத்தினவர்கள் இரண்டு வாத்தியார்கள்தாம். அவர்களில் ஒருவர் சுப்பிரமணிய ஐயர். 1882-இல் 'சுதேசமித்திரன்' வந்தது. 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்ததும் அவரே. 1889-இல் விதவையான தம் மகளுக்கு மறுவிவாகம் செய்துவைத்து ஊராரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டார். இவ்வளவுக்கும் நடுவில் ஆரியன் ஹைஸ்கூல் என்று சொந்தமாக ஒரு பள்ளிக்கூடமும் நடத்தினார்.

ஒரு வருஷப் பயிற்சியா இவரை இப்படி ஆக்கிற்று என்று கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயிற்சியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். பாடக் குறிப்பு எழுதுவது, கரும்பலகையை உபயோகிப்பது, கேள்வி கேட்கிற விதம், இவையெல்லாம் உண்டு. இவற்றோடு நார்மல் பள்ளிகளில் விமர்சனப் பாடம் என்று ஒன்று வழக்கத்தில் இருந்தது. ஒரு மாணவ ஆசிரியன் நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவான். கூடப் படிக்கிறவர்கள் பின்னால் வரிசையாக உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். பாடம் முடிந்து பிள்ளைகள் போனதும், அவனை வைத்துக்கொண்டே குற்றங்களைச் சொல்வார்கள். அவன் பதில் சொல்ல வேண்டும், ரோஷப்படக் கூடாது. அடுத்த நாள் அவன் பின்வரிசையில் உட்காருவான், வேறொருவன் முன்னால் நிற்பான்.

இதை யோசித்துப் பாருங்கள். திண்ணை உபாத்தியாயர் இருபது வருஷம் பாடம் சொன்னாலும் இன்னொரு உபாத்தியாயர் பாடம் சொல்வதைப் பார்த்ததே கிடையாது. அவர் பாடத்தையும் யாரும் பார்த்தது கிடையாது. வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டால் அவர்தான் ராஜா. ஹெட்மாஸ்டருடைய உத்தியோகமோ பிறத்தியார் வகுப்புக்குள் நுழைந்து, உட்கார்ந்து கேட்டு, மனம் நோகாமலும் உண்மை கெடாமலும் குறை சொல்வது. அந்தப் பழக்கம் வகுப்பில் நின்றே வந்துவிடாது. விமர்சனப் பாடம்தான் தஞ்சாவூர் ஜில்லாப் பையன்களுக்கு அதை முதன்முதலில் காட்டிற்று. பத்திரிகாசிரியராகப் போன சுப்பிரமணிய ஐயருக்கு அது எவ்வளவு பிரயோஜனப்பட்டிருக்கும் என்பது என் சொந்த அநுமானம். நேயர்கள் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று கட்டாயமில்லை.

1882-இல் ஹண்டர் கமிஷன் வந்தது. உயர்நிலைப் பள்ளியில் நிரந்தரமாக வேலை பார்க்கிறவன் போதனா முறையில் தனியாகப் பரீட்சை கொடுத்திருக்க வேண்டும், பட்டதாரிக்கு அந்தப் படிப்பின் காலத்தைக் குறைக்கலாம் என்று சிபார்சு செய்தது. சென்னைப் பல்கலைக்கழகம் 1886-இல் அதற்கென்று எல்.டி. பட்டத்தை ஏற்படுத்திற்று. பட்டதாரியான பிறகு மறுபடி ஒரு வருஷம் மாணவனாக உட்கார்ந்து படிக்கும் ஆசிரியப் படிப்பு நம் நாட்டில் அப்போதுதான் தலையெடுத்தது.

அந்த முதல் தலைமுறையில் வந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1869-இல் பிறந்தவர். புரோகிதர் வீட்டுப் பிள்ளை. கும்பகோணம் நேட்டிவ் ஹைஸ்கூலிலும் சர்க்கார் காலேஜிலும் படித்து, பி.ஏ. தேறி, மாயவரம் முனிசிபல் பள்ளியில் உபாத்தியாயராக அமர்ந்தார். அங்கிருந்து சைதாப்பேட்டைக்குப் போய் எல்.டி. படித்தார். சேலத்தில் சில காலம் வேலை பார்த்தார். 1894-இல் திருவல்லிக்கேணியில் ஹெட்மாஸ்டர் ஆனார். எந்தப் பள்ளிக்கூடம் தெரியுமோ? பதினைந்து வருஷத்துக்கு முன் திருவையாற்றுக்காரர் ஹெட்மாஸ்டராக அமர்ந்த அதே பள்ளிக்கூடம். சாஸ்திரியார் காலத்தில்தான் அதற்கு ஹிந்து ஹைஸ்கூல் என்று பெயர் மாறிற்று. காவிரிக் கரையில் இரண்டு ஊர்கள், நடுவில் சைதாப்பேட்டை, கடைசியில் ஒரே நாற்காலி!

சாஸ்திரியாரின் ஆங்கிலத்தைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. 'வெள்ளி நாக்கு' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். அந்தப் புகழில் அவருடைய ஹெட்மாஸ்டர் உத்தியோகம் மறைந்துபோய்விட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. 1895 வாக்கில் சென்னையில் ஆசிரியர் சங்கம் ஒன்று ஏற்படுவதற்கு அவர் முன்நின்றார். ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியன் இன்னொரு பள்ளிக்கூடத்து ஆசிரியனோடு உட்கார்ந்து, பாடத்தையும் சம்பளத்தையும் பரீட்சையையும் பற்றிப் பேசுவதற்கு ஓர் இடம். 1909-இல் பிறந்த தென்னிந்திய ஆசிரியர் யூனியனுக்கு இத்தகைய சங்கங்களே முன்னோடி. 1904-இல் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியபோதும் சாஸ்திரியார் அதில் இருந்தார். மாசச் சம்பளக்காரன் கடைக்காரனிடம் கடன்பட்டுச் சீரழிவதை அறிந்த ஹெட்மாஸ்டர் செய்கிற காரியம்தான் அது. தன் வகுப்பு, தன் பாடம் என்ற வேலிக்கு வெளியே பார்க்கும் கண் அவருக்குத் திறந்திருந்தது.

இது கடல் கடந்தும் வேலை செய்தது. 1927-இல் இந்திய சர்க்காரின் ஏஜெண்டாக அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். கரும்புத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நேட்டாலில் சரியான பள்ளிக்கூடம் இல்லை. வேறு யாராவது போயிருந்தால் மனுக்களும் பேட்டிகளுமாகப் பொழுது கழிந்திருக்கும். பழைய ஹெட்மாஸ்டர் என்ன செய்தார்? இந்தியாவிலிருந்து கல்வி நிபுணர் இருவரை வரவழைத்து நேட்டாலின் கல்வி விசாரணைக் குழுவின் முன் பேசச் செய்தார். அங்குள்ள இந்தியரிடம் பணம் திரட்டி டர்பனில் உயர்நிலைப் பள்ளி ஒன்று கட்ட ஏற்பாடு செய்தார். அதோடு ஆசிரியப் பயிற்சியும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று வைத்தார். 1929-இல் அது சாஸ்திரி காலேஜ் என்ற பெயரில் திறக்கப்பட்டது. பள்ளிக்கூடம் கட்டினால் போதாது, அதற்கு வாத்தியாரையும் அங்கேயே விளைவிக்க வேண்டும் என்பது சைதாப்பேட்டைப் பாடம்.

இங்கே ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தக் கதை அரைக் கதை. தஞ்சாவூர் ஜில்லா ரிஷியூரைச் சேர்ந்த குடும்பம், 1886-இல் பிறப்பு, பால்ய விவாகம், பதினொன்றாவது வயசில் விதவை. அந்த நாளில் இதற்கு மேல் அந்தப் பெண்ணுக்குக் கதையே இருந்திருக்கக் கூடாது. சமையலறையும் கொல்லைக் கிணறுமாக நாற்பது ஐம்பது வருஷம் ஓடியிருக்கும். ஆனால் தகப்பனார் படிக்க வைத்தார். 1911-இல் பி.ஏ. தேறிய சுப்புலக்ஷ்மி, சென்னை ராஜதானியில் பட்டம் பெற்ற முதல் ஹிந்துப் பெண். எல்.டி.யும் முடித்தார். 1912-இல் தம்மைப்போன்ற பிஞ்சு விதவைகள் நாலு பேரைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டு ஒரு விடுதி தொடங்கினார். அது வளர்ந்து திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸுக்குக் குடிபோயிற்று. மறுபடியும் திருவல்லிக்கேணி!

அந்தப் பெண்களுக்கு அவர் வகுத்த வழி ஆசிரியப் பயிற்சி. பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் 'ஏன் இன்னும் இருக்கிறாய்?' என்று கேட்கப்பட்ட பெண், பயிற்சி முடித்து ஒரு பள்ளிக்கூடத்துக்கு உபாத்தியாயினியாகப் போனால் மாசச் சம்பளம் வாங்குவாள், கையெழுத்துப் போடுவாள், பத்து வருஷம் கழித்து ஹெட்மிஸ்ட்ரஸாக நாற்காலியில் உட்காருவாள். 1922-இல் ஏற்பட்ட லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரியிலும் அதன் மாதிரிப் பள்ளிக்கூடத்திலும் சகோதரி சுப்புலக்ஷ்மிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆண்களுக்கு எல்.டி. என்பது பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்து. இவர்களுக்கு அது பிழைத்துக் கிடப்பதற்கும் வாழ்வதற்கும் நடுவிலிருந்த படி. தலைமைக்குத் தயார் செய்வது என்று பெரிய மனிதர்கள் மேடையில் பேசுகிறார்களே, ஐஸ் ஹவுஸில் நடந்ததை விட அதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எதிர்க்கட்சிக்கும் சாட்சி இருக்கிறது. 1880-இல் கும்பகோணம் காலேஜில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குத் திருவாவடுதுறை மடத்திலிருந்து ஓர் இளைஞரைப் பிடித்து வந்தார். அவருக்கு மெட்ரிகுலேஷனும் கிடையாது, பயிற்சியும் கிடையாது. ஆங்கிலம் படித்த காலேஜ் ஆசிரியர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அவர் சளைக்கவில்லை. அப்படி வேலைக்கு வந்தவர் உ.வே. சாமிநாதையர். பிற்காலத்தில், 1924 முதல் 1927 வரை, சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குப் பிரின்ஸிபாலாகவும் இருந்தார். எந்த எல்.டி.யும் அவருக்கு ஒன்றும் கற்பித்திருக்க முடியாது.

இதே கும்பகோணத்தில் டவுன் ஹைஸ்கூலில் 1904-இல் நடந்த பரிசளிப்பும் பிரசித்தம். கணக்கில் பரிசு வாங்க ஒரு பையன் மேடைக்கு வந்தான். ஹெட்மாஸ்டர் கிருஷ்ணசாமி ஐயர் சபையோரைப் பார்த்து, இந்தப் பையனுக்கு முழு மார்க்குக் கொடுத்தாலும் போதாது என்று சொன்னாராம். பையன் ராமானுஜன். ஹெட்மாஸ்டர் என்றால் மார்க்குப் போடுகிற இடத்தில் கடைசிச் சொல் சொல்பவர். தம் கையிலிருக்கும் அளவுகோல் போதவில்லை என்று நாலு பேருக்கு நடுவில் ஒப்புக்கொண்ட ஹெட்மாஸ்டர்கள் எத்தனை பேர் என்று விரலை மடக்கிப் பாருங்கள்.

ஆனால் சாமிநாதையர் ஒருவர், பள்ளிக்கூடங்கள் ஆயிரம். மேதைகளை நம்பிச் சர்க்கார் உத்தியோகம் போட முடியாது. அதனால்தான் படிப்பு வேண்டியிருந்தது. 1904-இல் கர்ஸன் பிரபுவின் கல்வித் தீர்மானம், பட்டதாரிகளுக்கு ஒரு வருஷம் பல்கலைக்கழகப் படிப்பு, கல்லூரியோடு ஒட்டிய மாதிரிப் பள்ளிக்கூடம் என்று திட்டமாகச் சொல்லிற்று. 1910-இல் சைதாப்பேட்டைக்குப் பயிற்சிக்கு வந்த ஒருவருக்கு, மனோதத்துவ வகுப்பில் உட்கார்ந்து கேட்பதற்குப் பதில் கூடப் படிக்கிறவர்களுக்கு அதைப் பற்றிப் பிரசங்கம் செய்யும் வேலை வந்தது. அவர் ராதாகிருஷ்ணன். அந்தப் பிரசங்கங்கள் 1912-இல் புஸ்தகமாகவும் வந்தன. சைதாப்பேட்டையின் பெருமைக்கு இதைச் சொல்வதா, மனோதத்துவ வகுப்பின் லக்ஷணத்துக்குச் சொல்வதா என்பது நேயர்கள் பாடு.

மேற்பட்டப் படிப்பான எம்.எட். பிறகு வந்தது. பம்பாய்ப் பல்கலைக்கழகம் அதை 1936-இல் தொடங்கிற்று, மற்றவை பின்தொடர்ந்தன. இதைப் பற்றி மிகவும் விவேகமாகப் பேசியது 1952-53-இல் டாக்டர் ஆ. லக்ஷ்மணசாமி முதலியார் தலைமையில் வேலை செய்த இடைநிலைக் கல்விக் கமிஷன். பள்ளிக்கூடத்தின் நடப்பு கடைசியில் ஹெட்மாஸ்டரிடம் வந்து நிற்கிறது என்பதை அது அழுத்திச் சொன்னது. எம்.எட். படிக்க வருகிறவர் பயிற்சி பெற்ற பட்டதாரியாக இருந்தால் மட்டும் போதாது, சாதாரணமாகக் குறைந்தது மூன்று வருஷமாவது பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த மூன்று வருஷம் என்ற சின்ன நிபந்தனையில்தான் விஷயமே இருக்கிறது. நாற்று விடாத வயலுக்கு நடவாள் வந்து என்ன செய்வது? வகுப்பில் நின்று தோற்றவனுக்குத்தான் போதனா முறைப் புஸ்தகம் பேசும். சக ஆசிரியரோடு சண்டை போட்டவனுக்குத்தான் நிர்வாகப் பாடம் புரியும்.

அந்தக் காலத்தில் இந்தத் திக்கில் வேறு முயற்சிகளும் நடந்தன. 1953-இல் சிம்லாவுக்குப் பக்கத்தில் தாராதேவியில் ஹெட்மாஸ்டர்களுக்கென்றே ஒரு கருத்தரங்கு கூட்டினார்கள். 1955 முதல் பயிற்சிக் கல்லூரிகளில் விரிவுப் பணித் துறைகள் ஏற்பட்டு, வேலையிலிருக்கும் ஆசிரியர்களைத் திரும்ப அழைத்துப் பேசவைத்தன. நம் ராஜ்யத்திலோ காமராஜ் முதல் மந்திரியாகவும் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி டைரக்டராகவும் இருந்த அந்த வருஷங்களில், எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத வேலைகள் ஹெட்மாஸ்டர் தலையில் வந்து விழுந்தன. 1956-இல் மதிய உணவு வந்தது. பிறகு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். ஊர்ப் பெரிய மனிதரைப் பார்த்து, கட்டடத்துக்கு நிலம் கேட்க வேண்டும். பெஞ்சுக்கு மரம் கேட்க வேண்டும். அவர் கொடுத்துவிட்டு, தம் பண்ணையாள் மகன் தம் பிள்ளையோடு ஒரே பெஞ்சில் உட்காருவதைப் பார்த்து முகம் சுளித்தால் அதையும் சமாளிக்க வேண்டும். நடவு நாளில் வகுப்பு காலியாகும். அறுவடையில் மறுபடி காலியாகும். அந்தப் பையன்களைத் திரும்ப அழைத்து வர சேரிக்கும் குடியானத் தெருவுக்கும் நடக்க வேண்டும். மிராசுதாரையும் பகைத்துக்கொள்ளாமல், சேரிப் பையனையும் கைவிடாமல் ஒரு பள்ளிக்கூடத்தைப் பத்து வருஷம் நடத்தின டெல்டா ஹெட்மாஸ்டருக்கு ஐ.நா. சபையில் உத்தியோகம் கொடுக்கலாம்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். படிப்பு பெருகியிருக்கிறது. 2008-இல் ஆசிரியக் கல்விக்கென்றே தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏற்பட்டது. 2015-லிருந்து பி.எட்., எம்.எட். இரண்டும் இரண்டிரண்டு வருஷம். தில்லியில் பள்ளித் தலைமைக்கென்றே 2012-இல் ஒரு தேசிய மையம் தோன்றிற்று. ஹெட்மாஸ்டர்களுக்கு அது பாடத்திட்டம் வகுக்கிறது. எல்லாம் நல்லதே. ஆனால் முதலியார் கமிஷனின் மூன்று வருஷம் காற்றில் போய்விட்டது. பி.எட். முடித்த கையோடு எம்.எட். சேரலாம். ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்கிப் பாடம் நடத்தாதவர், அதே கையோடு பி.எட். கல்லூரியில் அமர்ந்து, பள்ளிக்கூடத்தில் எப்படிப் பாடம் நடத்துவது என்று பிறருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். நீந்தத் தெரியாதவர் கரையில் நின்று நீச்சல் சொல்லிக் கொடுப்பது போல என்று சொன்னால் கோபம் வரும். ஆனால் வேறு எப்படிச் சொல்வது?

வேலையிலிருக்கிற ஆசிரியரோ எம்.எட்.டை வேறு காரணத்துக்காகப் படித்தார். உயர் படிப்புக்கு ஊக்க ஊதியம் என்று சம்பளத்தில் கொஞ்சம் ஏறும். சர்க்கார் அந்த ஏற்பாட்டை 2020-இல் நிறுத்திற்று. ஹெட்மாஸ்டர் பதவி என்னவோ பெரும்பாலும் பணி மூப்பில்தான் வருகிறது. படித்ததற்கும் நாற்காலிக்கும் சம்பந்தம் இல்லாமற்போனால், படிப்பு சம்பளப் பட்டியலில் ஒரு வரியாகச் சுருங்குவதில் ஆச்சரியம் என்ன? பழைய எல்.டி.யும் சம்பளத்துக்காகத்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வருஷம் அவனை ஊரை விட்டுக் கிளப்பி, வேறு ஜில்லாக்காரர்களோடு விடுதியில் போட்டு, அவன் பாடத்தைப் பத்துப் பேர் அலசும்படி செய்தது.

முன்னே சொன்ன ஒரத்தநாட்டுக்கு வருகிறேன். சரபோஜியின் முக்தாம்பாள் சத்திரக் கட்டடம் அங்கே இன்னும் நிற்கிறது. தமிழ்நாட்டில் சர்க்கார் நடத்தும் விரல்விட்டு எண்ணக்கூடிய கல்வியியல் கல்லூரிகளில் ஒன்றும் அதே ஒரத்தநாட்டில் இருக்கிறது. டெல்டாக் கிராமங்களின் பிள்ளைகள், பெரும்பாலும் வீட்டில் முதல் தலைமுறையாகப் படித்தவர்கள், அங்கே பி.எட். படிக்கிறார்கள். இப்போதைய விதிப்படி இரண்டு வருஷத்தில் மொத்தம் இருபது வாரம் அவர்கள் பள்ளிக்கூடத்தில் பயிற்சிக்குப் போக வேண்டும். பாடம் நடத்துகிறார்கள், குறிப்பேடு எழுதுகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த இருபதில் ஒரு வாரத்தை ஹெட்மாஸ்டர் அறையில் ஒரு மூலை நாற்காலியில் கழிக்கச் சொன்னால், காலை ஒன்பது மணிக்கு வரும் தகப்பனார்களையும், பதினோரு மணிக்கு வரும் அரிசிக் கணக்கையும், மூன்று மணிக்கு இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் மேல் ஒருவர் கொண்டுவரும் புகாரையும் கூட இருந்து பார்ப்பார்கள். இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புதுப் பட்டமும் வேண்டாம்.